அச்சேற அவசரப்படும் தம்பி தங்கையருக்கு

பிறர் எழுதிக் கொண்டுவரும் பிரதியைப் படித்துவிட்டு, இது புத்தகமாகும், இது இப்போதைக்கு ஆகாது என்று சொல்வதுதான் எனக்குச் சோறு போட்ட தொழில். ஓய்வு பெற்ற பிறகும் பிரதிகள் வருவது நிற்கவில்லை. கூடவே ஒரு கேள்வியும் வந்துகொண்டே இருக்கிறது: "ஐயா, முதல் புத்தகம் போடலாம் என்றிருக்கிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?" ஆளுக்கு ஆள் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தில் ஆயிரம் படியாவது போட்டால்தான் கட்டுப்படியாகும். கைக்காசு போகுமே என்ற பயத்தில் பதிப்பாளர் பத்துப் பிரதி வந்தால் எட்டைத் திருப்பி அனுப்புவார். இன்று ஐம்பது படிகூடப் போடலாம். அட்டைப்படத்தோடு சில நாளில் கைக்கு வந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல ஆளே இல்லை. நல்லதுதான், பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாதவர்களும் இதனால்தான் அச்சேறுகிறார்கள். ஆனால் அந்தப் பதிப்பாளர் செய்த வேலையை இப்போது எழுதுகிறவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த வேலையைப் பற்றித்தான்.

1. எழுதி முடித்ததும் பிரதியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஒரு மாதமாவது தொடாதீர்கள். பிறகு கணினித் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, பேனாவும் கையுமாக உட்கார்ந்து படியுங்கள். எழுதிய சூட்டில் தெரியாததெல்லாம் அப்போது தெரியும். முக்கியமாக முதல் அத்தியாயத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள். நான் பார்த்த முதல் நாவல்களில் பாதிக்கு மேல், கதை பத்தாம் பக்கத்தில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் ஊர் வருணனை, தாத்தா காலத்து வரலாறு, விடியற்காலைக் குயில். அந்த ஒன்பது பக்கம் உங்களுக்குத் தேவைப்பட்டது, எழுதும்போது உள்ளே நுழைவதற்கு. வாசகருக்கு அது வேண்டாம்.

2. தெரிந்ததை எழுதுங்கள் என்று பலரும் சொல்வார்கள். தெரியாததையும் எழுதலாம், போய்த் தெரிந்துகொண்டு வந்தால். ராஜம் கிருஷ்ணன் செய்ததைப் பாருங்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி 'கரிப்பு மணிகள்', கடற்கரை மீனவரைப் பற்றி 'அலைவாய்க் கரையில்', தஞ்சை வயற்காட்டு உழைப்பாளரைப் பற்றிச் 'சேற்றில் மனிதர்கள்', நீலகிரியின் படகர்களைப் பற்றிக் 'குறிஞ்சித்தேன்'. எல்லாவற்றுக்கும் அந்தந்த இடத்துக்குப் போய், அந்த மக்களோடு பழகிப் பேசிவிட்டு வந்துதான் எழுதினார். பஸ் வசதியும் குறைவு, ஒரு பெண் தனியாகப் போய் விசாரிப்பது அதைவிடக் கடினம் என்றிருந்த காலம் அது.

இப்போது வரும் பிரதிகளில் உப்பளம் வந்தால், 'வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்' என்ற ஒரு வரி இருக்கும். பாத்தி எப்படிக் கட்டுகிறார்கள், எந்த மாதத்தில் வேலை இல்லை, மழை பெய்தால் யார் வயிற்றில் அடி விழும், வெறுங்காலோடு நிற்கிறவரின் பாதம் என்ன ஆகும், கூலி நாளுக்கா வாரத்துக்கா, ஒன்றும் இருக்காது. காரணம் எளிது. கூகிளில் படம் பார்த்தால் குவியல் தெரியும், கூலி தெரியாது. களத்துக்குப் போகும்போது கேள்வி எழுதிக்கொண்டு போகாதீர்கள், பேட்டி எடுக்க வந்தவராகிவிடுவீர்கள். டீக்கடையில் உட்காருங்கள். இரண்டாவது தடவை போனால்தான் மனிதர்கள் பேசுவார்கள். வந்த அன்று இரவே குறிப்பெழுதிவிடுங்கள். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், உங்கள் சொல்லில் வேண்டாம்.

3. காலத்தைச் சரிபாருங்கள். இது அலுப்பான வேலை. இதைச் செய்யாதவருடைய மற்ற எல்லாவற்றையும் வாசகர் சந்தேகிப்பார்.

மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல். 1925இல் நடக்கும் கதையில் கல்லணை வழியாகத் தண்ணீர் வரலாம். மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று பாத்திரம் பேசக் கூடாது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அதற்கு முன் அணாதான், தம்பிடிதான். 'தமிழ்நாடு' என்று மாநிலத்தின் பெயர் மாறியது 1969 ஜனவரியில். 1960இல் அரசு அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தின் தலைப்பில் சென்னை மாகாணமோ தமிழ்நாடு அரசோ இருக்காது, சென்னை மாநிலம்தான். அமாவாசை இரவில் நிலவொளியில் காதலர் சந்தித்த பிரதி ஒன்றை என் கையால் திருத்தியிருக்கிறேன். சித்திரையில் வைகை இரு கரையும் தொட்டு ஓடிய இன்னொன்றையும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு நோட்டில் ஆண்டுவாரியாகக் கோடு போட்டு, யாருக்கு எப்போது என்ன வயது, ஊரில் அப்போது மின்சாரம் இருந்ததா, எந்த ஆட்சி என்று எழுதி வையுங்கள். பழைய செய்தித்தாளைப் புரட்ட வேண்டுமானால் எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. பழைய இதழ்களுக்கும் நூல்களுக்கும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இரண்டும் நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள்தான் குறைவு.

4. ஒரு நூலில் வரக்கூடாத குற்றங்கள் பத்து என்று பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்னூலில் வரிசைப்படுத்திவிட்டார். இலக்கணத்துக்குச் சொன்னதுதான். இருந்தாலும் நாவலுக்கும் கட்டுரைத் தொகுப்புக்கும் அப்படியே பொருந்துகிறது. பதிப்பகத்தில் இருந்தபோது என் மேசைக் கண்ணாடிக்கடியில் அந்தப் பட்டியலை வைத்திருந்தேன். பத்தில் மூன்றைத்தான் முதல் நூல்காரர்களிடம் ஓயாமல் பார்க்கிறேன்.

கூறியது கூறல். முகநூலில் எழுதியவற்றைத் திரட்டி நூலாக்குகிறவர்களுக்கு இது தவறாமல் வரும். தனித்தனியாகப் போட்டபோது ஒவ்வொரு பதிவிலும் 'எங்கள் அப்பா கண்டிப்பானவர்' என்று அறிமுகம் தேவைப்பட்டது. நூலில் அது முப்பது முறை வந்தால் அப்பா மேல் வெறுப்பு வந்துவிடும். வாரப் பத்திரிகைத் தொடர்களுக்கும் இதே கதிதான். போன வாரம் நடந்ததை நினைவூட்டியே ஒவ்வொரு வாரமும் தொடங்க வேண்டியிருக்கும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950இலிருந்து 1954 வரை தொடராக வந்தது. அத்தனை நீளமான தொடரில் முந்தைய நிகழ்ச்சியை எப்படிப் பாத்திரத்தின் பேச்சிலேயே நுழைத்து நினைவூட்டியிருக்கிறார் என்று கவனித்துப் படித்துப் பாருங்கள், தனிப் பாடம் கிடைக்கும்.

மற்றொன்று விரித்தல். நீங்கள் சேகரித்த தகவல் எல்லாம் அருமையானது, சந்தேகமில்லை. எல்லாவற்றையும் இந்த நூலிலேயே போட வேண்டுமா?

சென்று தேய்ந்து இறுதல். முதல் நூறு பக்கம் ஆற அமர நடந்த கதை, கடைசி இருபது பக்கத்தில் மூன்று சாவு, ஒரு கல்யாணம், ஒரு ஞானோதயம் என்று ஓடி விழும். எழுதுகிறவருக்கு அலுத்துவிட்டது என்பதை இது போலக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. முடிவை எழுத வலு இல்லையென்றால் நிறுத்தி வையுங்கள். அடுத்த மாதம் வலு வரும்.

5. நீளம். டெமி அளவுப் பக்கத்தில் சுமார் 200 முதல் 250 சொல் அடங்கும். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். பத்துப் பாரம் என்றால் 160 பக்கம், 35,000 சொல் வாக்கில். முதல் நூலுக்கு இது போதும், சில சமயம் அதிகம்கூட. பதிப்பாளர் விலை போடுவதும் பாரக் கணக்கில்தான். அசோகமித்திரன் 'கணையாழி'யில் எழுதிய 'தண்ணீர்' சிறிய நாவல். ஒரு தெருவும் காய்ந்த குழாய்களும் சில பெண்களும் போதுமாக இருந்தது அவருக்கு. பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. கழுகுமலை, சிவகாசிக் கலவரங்கள் வரை பல தலைமுறை வாழ்க்கையைத் தாங்க அவ்வளவு இடம் வேண்டியிருந்தது. ஆனால் 'அஞ்ஞாடி' வெளிவந்தது 2012இல், அவருடைய 'பிறகு' வந்தது 1979இல். இடையில் எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்டுவிட்டு உங்கள் ஆயிரம் பக்கத்தைத் தொடங்குங்கள்.

6. வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அந்த வாக்கியத்தை வெட்டுங்கள்.

7. வட்டார வழக்கில் எழுத ஆசைப்படுகிறவர்கள் கி. ராஜநாராயணனைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அவர் கதை எழுதியதோடு நிற்கவில்லை, கரிசல் சொற்களைத் திரட்டி அகராதியே தொகுத்தவர். காது அவ்வளவு கூர்மை. உங்கள் பாட்டி பேசிய பேச்சு உங்கள் காதில் அப்படியே இருந்தால் எழுதுங்கள். 'ல' வருமிடத்திலெல்லாம் 'லே' போட்டால் நெல்லை, 'ங்க' சேர்த்தால் கோவை என்ற சினிமாக் கணக்கு வேண்டாம். அந்த ஊர்க்காரர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். அதே ஊரில் வெவ்வேறு சாதிக்காரர், வயதுக்காரர், படித்தவர், படிக்காதவர் பேசுவதும் ஒன்றுபோல் இருக்காது என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

8. பிழை. 'அதெல்லாம் பதிப்பகத்தில் பார்த்துக்கொள்வார்கள்' என்று பிரதி கொடுக்கிறவர்கள் தாராளமாகச் சொல்கிறார்கள். பெரும்பாலான பதிப்பகங்களில் மெய்ப்புப் பார்க்கத் தனி ஆள் கிடையாது; இருந்தால் அவருக்குப் பக்கக் கணக்கில் கூலி, அவசர வேலை. ஆகவே உங்கள் பிழை உங்கள் பெயரிலேயே அச்சாகும்.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒன்று, மொழி அறக்கட்டளையின் தமிழ் நடைக் கையேடு ஒன்று, இரண்டும் மேசைமேல் இருக்கட்டும். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் அறிஞர்களே சண்டை போடுவார்கள்; நீங்கள் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு நூல் முழுக்க அதிலேயே போங்கள். பன்னிரண்டாம் பக்கத்துச் சண்முகம் தொண்ணூறாம் பக்கத்தில் ஷண்முகம் ஆகக் கூடாது. பெயர்ப் பட்டியல் ஒன்று போட்டு வைத்துக்கொண்டால் போதும்.

தட்டச்சை யூனிகோடில் செய்யுங்கள். பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ தட்டியிருந்தால் மாற்றிக் கொடுங்கள். 'ஔ' போட வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டுவதும், துணைக்காலுக்கு ரகரத்தைப் போடுவதும் கண்ணுக்குத் தெரியாது, கணினித் தேடலில் அகப்படாது. இன்னொரு ரகசியம்: பக்கம் வடிவமைக்கிறவர் உங்கள் யூனிகோடைத் தம் வசதிக்காக வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது புதுப் பிழைகள் முளைக்கும். நீங்கள் சுத்தமாகக் கொடுத்ததை நம்பி இருந்துவிடாதீர்கள். அச்சுக்குப் போகும் கடைசி பிடிஎஃப் கோப்பை வரிக்கு வரி படியுங்கள். படித்த பிறகு, அந்தக் கதையே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தலைப்பில் இருக்கும் பிழையை மட்டும் எழுதியவர் ஒருநாளும் பார்க்க மாட்டார்.

9. பதிப்பாளரைத் தேடும்போது முதலில் அவருடைய நூற்பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஆன்மிகமும் சோதிடமும் போடுகிறவரிடம் நவீன நாவலைக் கொடுத்துவிட்டு, 'என்னை மதிக்கவில்லை' என்று வருந்துவதில் பொருளில்லை. முழுப் பிரதியோடு, நூல் எதைப் பற்றியது, யார் படிப்பார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். உங்கள் விருதுப் பட்டியல் அந்தப் பக்கத்தில் வேண்டாம். வாரந்தோறும் போன் செய்யாதீர்கள். மூன்று மாதம் பொறுத்து ஒரு கடிதம் போடுங்கள்.

ப. சிங்காரம் 1962 வாக்கில் எழுதி முடித்த 'புயலிலே ஒரு தோணி' நூலாக வந்தது 1972இல். இன்று தமிழின் சிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இருக்கிறது. இதைக் கேட்டதும் திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொருவரும் தம்மைச் சிங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்காக நான் இதைச் சொல்லவில்லை. மனிதர் இரண்டே நாவலோடு நின்றுவிட்டார். காத்திருப்பு ஒருவரை உடைத்துவிடும். ஆகவே பிரதியை அனுப்பிய மறுநாளே அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள். பதில் வரும் நாளில் உங்கள் மனம் வேறு வேலையில் இருக்க வேண்டும்.

10. சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை பதிப்புலகின் தீபாவளி அது. தீங்கும் அதிலேதான் இருக்கிறது. ஜனவரியில் வெளிவர வேண்டும் என்பதற்காக நவம்பர் கடைசியில் பிரதி கொடுக்கிறார்கள். டிசம்பரில் அச்சகங்களில் இரவு பகலாக எந்திரம் ஓடும். மெய்ப்பு ஒரு தடவைக்கு மேல் போகாது, அட்டையைப் பார்த்துச் சொல்ல நேரமிருக்காது, பைண்டிங் பசை காய்வதற்குள் கட்டுக் கட்டி ஏற்றுவார்கள். காட்சியில் உங்கள் புத்தகம் மற்ற நூற்றுக்கணக்கான புதுப் புத்தகங்களோடு ஒரே மேசையில் கிடக்கும். வெளியீட்டு விழாவுக்கு வந்த நண்பர்கள் ஆளுக்கொன்று வாங்குவார்கள். பிப்ரவரியில் யாருக்கும் நினைவிருக்காது. காட்சிக்கு வர வேண்டுமென்றால் ஆடிக்குள் பிரதியைக் கொடுங்கள். முடியவில்லையா, சித்திரையில் வரட்டும். அப்போது மதிப்புரை எழுதுகிறவருக்கும் நேரமிருக்கும்.

11. அணிந்துரை ஒன்று போதும். வேண்டாம் என்றாலும் நல்லது. ஐந்து பேர் வாழ்த்துரைத்து நூல் முப்பதாம் பக்கத்தில் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிறப்புப் பாயிரம் யார் சொல்லலாம் என்று நன்னூல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர். அமைச்சரும் மாவட்ட ஆட்சியரும் அந்தப் பட்டியலில் இல்லை.

அத்தியாயத் தலைப்புகளில் சினிமாப் பாட்டு வரிகளைப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு வரை உரிமை இருக்கிறது. 1981இல் மறைந்த கண்ணதாசனின் பாட்டுக்கு 2041 முடியும் வரை. அனுமதி வாங்காமல் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

12. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 'நமக்குள் எதற்கு' என்று சொல்கிற பதிப்பாளர் நல்லவராகவே இருக்கலாம். அவர் பிள்ளைகள் எப்படியோ. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள். 'அனைத்து உரிமைகளும்' என்ற சொல்லைக் கண்டால் பேனாவை மூடிவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

நீங்களே பணம் கொடுத்து அச்சிடுவதாக இருந்தால், எத்தனை படி, என்ன தாள், மிச்சப் படிகள் யாரிடம் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். பணமும் கொடுத்து உரிமையும் கொடுக்காதீர்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. அதற்கென்று யாராவது தொகை கேட்டால் ஏன் என்று கேட்கலாம்.

ராயல்டி பத்து சதவீதம் என்பது வழக்கம். 200 ரூபாய்ப் புத்தகம் 300 படி விற்றால் 6,000 ரூபாய். வேலையை விடாதீர்கள். பாரதியார் 1920இல் தம் எழுத்தையெல்லாம் நாற்பது நூலாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் படியாக அச்சிடத் திட்டம் போட்டு நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் நிறைவேறவில்லை, மறு ஆண்டே மறைந்துவிட்டார். நமக்கு முந்நூறு படி விற்கவில்லை என்று மனம் ஒடிய நியாயமில்லை.

13. வயதாகிவிட்டதே என்று எழுதிக் கேட்கிறவர்களுக்கு: உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 84.

14. நூல் வந்த பிறகு ஒரு காரியம் இருக்கிறது, எல்லோரும் மறப்பது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு படியும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொரு படியும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். கடையில் தீர்ந்த பிறகு, பதிப்பகமே மூடிய பிறகு, உங்கள் புத்தகத்தைத் தேடி வருகிறவருக்கு அது கிடைக்கப்போவது அங்கேதான். அனுப்பிவிட்டாரா என்று பதிப்பாளரைக் கேளுங்கள். நீங்களே பதிப்பாளர் என்றால், இன்றே தபாலில் சேருங்கள்.